நாய்க்குப் பயிற்சி கொடுக்கும்போது பரிசு எங்கே தவறுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பயிற்சி பாதியில் நின்றுபோன நாய்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "சொன்னா கேக்கவே மாட்டேங்குது, ஒரே பிடிவாதம்." கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் பிடிவாதம் என்பது மிக அரிது. கொடுக்கிற பரிசு அந்த நாய்க்குப் பிடிக்காததாக இருக்கும். அல்லது பிடித்ததுதான், ஆனால் அந்த இடத்தில் கேட்கிற வேலைக்கு அது போதாது. அதுவும் சரியென்றால் கொடுத்த நொடி தவறியிருக்கும்.

எது பரிசு என்பதை முடிவு செய்வது நாய். பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும், எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், சோதிக்கும் வழி ஒன்றுதான். அதைக் கொடுத்த பிறகு அந்தச் செயலை நாய் அடுத்தடுத்து அதிகமாகச் செய்கிறதா? செய்தால் அது பரிசு. செய்யவில்லை என்றால் நாம் வெறுமனே தீனி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் நாய்க்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் இந்த முதல் பகுதியை எல்லோரும் செய்துவிடுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது.

முதல் வேலை: நாயிடமே கேட்டுப் பட்டியல் போடுவது

சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், வீட்டுக்குள், சத்தமில்லாத இடத்தில் உட்காருங்கள். இரண்டு கையிலும் இரண்டு வகைத் துண்டுகள். முதலில் இரண்டையும் முகர விடுங்கள். பிறகு கைகளை மூடி, ஓரடி இடைவெளி விட்டு நீட்டுங்கள். எந்தக் கையை முதலில் மூக்கால் தட்டுகிறதோ அதைத் திறந்து கொடுங்கள். அடுத்த தடவை துண்டுகளைக் கை மாற்றுங்கள். சில நாய்கள் எது இருந்தாலும் ஒரே பக்கம்தான் போகும். கை மாற்றாமல் பார்த்தால் அதை விருப்பம் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

கடைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டில் இருப்பதே போதும். உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் அவித்த கோழி, கோழி ஈரல், அவித்த முட்டை, பனீர், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், வெள்ளரிக்காய், உப்பில்லாத பொரி, அது தினமும் சாப்பிடும் நாய்த்தீனி. கருவாட்டு வாசனைக்கு மயங்காத நாய் குறைவு. ஆனால் உப்பு அதிகம், ஆகவே அதை விட்டுவிட்டு நெத்திலியை அப்படியே அவித்துப் பயன்படுத்துங்கள். சைவ வீடு என்றால் பனீரும் கிழங்கும் பொரியும் நன்றாகவே வேலை செய்யும்.

இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்தால் மூன்று படிகள் தெரிய வரும்: கிடைத்தால் சாப்பிடும் பொருள், விரும்பிச் சாப்பிடும் பொருள், டப்பாவைத் திறந்த சத்தத்துக்கே ஓடி வரும் பொருள். கடைசி வகைதான் முதல்படிப் பொருள், அதைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி வையுங்கள். சும்மா கொடுக்கவே கூடாது.

சாப்பாட்டோடு நிறுத்தாதீர்கள். யாரும் எதுவும் சொல்லாதபோது உங்கள் நாய் தானாக என்ன செய்கிறது? மண்ணைத் தோண்டுகிறதா, பழைய துண்டை இழுக்கிறதா, அணிலைத் துரத்துகிறதா, தெருவில் ஒவ்வொரு கம்பத்தையும் முகர்கிறதா? அதையும் எழுதி வையுங்கள். சில நாய்களுக்குக் கோழியைவிட இவைதான் பெரிய பரிசு.

அறிகுறி: ட்ரீட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது

முதல் கேள்வி, எங்கே? வீட்டுக்குள் அமைதியாக இருக்கும்போதே வாங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். வீட்டில் வாங்குகிறது, வெளியில்தான் மறுக்கிறது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

வீட்டுக்குள் என்றால் வயிற்றில் தொடங்குங்கள். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு கிடக்கிற வீட்டில் ட்ரீட்டுக்கு மதிப்பே இருக்காது. தட்டை வைத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அப்புறம் வீட்டிலுள்ள மற்றவர்களையும் விசாரியுங்கள். காலையில் தாத்தா காபியோடு இரண்டு பிஸ்கட், மாலையில் பிள்ளைகள் கையிலிருந்து பாதி தோசை என்று போய்க்கொண்டிருக்கும், பயிற்சி கொடுப்பவருக்கே தெரியாது. இதற்காக நாயைப் பட்டினி போட வேண்டாம். பட்டினி கிடக்கும் நாய் கற்றுக்கொள்ளாது, பதறத்தான் செய்யும். வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பயிற்சியை வைத்தாலே போதும்.

அடுத்தது வெயில். ஏப்ரல், மே மாதத்தில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும் நாய்க்கு உலர்ந்த பிஸ்கட்டை மெல்லத் தோன்றாது. காலை ஏழு மணிக்குள் முடியுங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. அந்த நாட்களில் குளிர்ந்த வெள்ளரித் துண்டோ ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரோ நன்றாக எடுபடும்.

குட்டிக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும் காலம். ஈறு வலிக்கும். நேற்று வரை கடித்துத் தின்ற கடினமான பிஸ்கட்டை இன்று துப்பினால் மெத்தென்ற ஒன்றுக்கு மாற்றுங்கள். வயதான நாய் ஒரு பக்கமாகவே மென்றால் அல்லது வாய் நாறினால் பல்லைக் காட்ட மருத்துவரிடம் போக வேண்டும்.

பட்டியலில் முதலிடத்தில் உள்ள பொருளையே வேண்டாம் என்கிறதா? பயிற்சியை நிறுத்திவிடுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். சாப்பாட்டில் நாட்டம் குறைவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்துத் தெரிவது, மூக்கில் ரத்தம் இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வேறு அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு நாள் முழுக்க வளர்ந்த நாய் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் காட்டிவிடுவது நல்லது. குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அறிகுறி: வீட்டில் எல்லாம் செய்கிறது, தெருவில் காதே கேட்காதது போல நடக்கிறது

அதிகம் பேர் பயிற்சியைக் கைவிடுவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கூடத்தில் "சிட்" என்றதும் உட்காரும் நாய்க்கு அங்கே வேறு வேலை இல்லை. ஒரு பொரிக்கே அது உட்காரும். தெருவுக்கு வந்தால் எதிர்வீட்டுப் பூனை, மூன்று தெருநாய்கள், முந்தின இரவு யாரோ விட்டுப்போன மூத்திர வாசனை, மீன்காரரின் சைக்கிள் எல்லாம் சேர்ந்து இழுக்கும். அத்தனையையும் விட்டுவிட்டு நம்மைப் பார் என்கிறோம். கேட்பது பெரிய வேலை, கூலியோ அதே பொரி. எந்த ஆளும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஆகவே இரண்டு விஷயங்களை மாற்ற வேண்டும். ஒன்று, வெளியில் போகும்போது முதல்படிப் பொருளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பொரி, தெருவில் ஈரல். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் நிறைய. வீட்டில் வசதியாக இருப்பதால் கோழி கொடுப்பார்கள், வெளியே போகும்போது சட்டைப்பையில் ஒட்டாது என்பதற்காக உலர்ந்த பிஸ்கட்டை எடுத்துப் போவார்கள். இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்று வாங்கிவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது, படிப்படியாக வெளியே வருவது. கூடத்தில் நன்றாகச் செய்ததை அடுத்து வாசலில் செய்யுங்கள். பிறகு கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் மொட்டை மாடி. பிறகு கேட்டுக்கு உள்பக்கம். பிறகு விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆள் நடமாட்டமில்லாத தெரு. சாதாரணத் தெரு கடைசியில்தான். ஒவ்வோர் இடத்திலும் பத்துக்கு எட்டுத் தடவை செய்தால் அடுத்த இடம். செய்யவில்லை என்றால் ஒரு படி பின்னால் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூரமும் முக்கியம். தெருநாயைப் பத்தடி தூரத்தில் பார்த்தால் ஈரலைக்கூடத் துப்பிவிடும் நாய், ஐம்பதடி தூரத்தில் பார்த்தால் வாங்கிச் சாப்பிடும். வாங்கிச் சாப்பிடுகிறதா என்பதே உங்களுக்கான அளவுகோல். வாங்கவில்லை என்றால் மிகப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். ட்ரீட்டை வாயில் திணிக்க முயலாமல் திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள்.

இப்போது அந்த விருப்பப் பட்டியலின் இரண்டாம் பாதிக்கு வருவோம். 1959-ல் டேவிட் பிரீமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியை முன்வைத்தார். ஓர் உயிர் தானாக அதிகம் செய்ய விரும்பும் செயலை, அது அவ்வளவாகச் செய்ய விரும்பாத செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்பதே அது. தெருவில் இது பொன்னான வழி. நாய் அந்தக் கம்பத்தை முகர வேண்டும் என்று இழுக்கிறதா? நில்லுங்கள். அது திரும்பி உங்களை ஒரு நொடி பார்க்கட்டும். பார்த்ததும் "போ" என்று சொல்லிக் கம்பத்துக்குக் கூட்டிப் போங்கள். இதுவரை நமக்குப் போட்டியாக இருந்த வாசனை இப்போது நாம் கொடுக்கும் பரிசாகிவிட்டது. பையில் ட்ரீட் தீர்ந்துபோனாலும் இந்தப் பரிசு தீராது. என்னைக் கேட்டால், தெருவில் நடக்கப் பழக்குவதற்கு எந்த ட்ரீட்டையும்விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கண்ணால் பார்த்து இரையைத் துரத்துவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. ஓடுகிற பொருள்தான் இவற்றுக்கு உச்சப் பரிசு. உணவில் நாட்டமில்லாத சிப்பிப்பாறையைப் பார்த்து "இதுக்கு அறிவு கம்மி" என்று சொல்வது அநியாயம். நீளமான கம்பில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் துணியை முடிந்து தரையோடு இழுத்து ஓட்டிப் பாருங்கள். நாய் நிற்கச் சொன்னால் நிற்கட்டும், நின்ற மறுநொடி துணி ஓடட்டும். சில நாட்களில் அந்த நாய் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வயது ஆகாத குட்டியை மட்டும் உயரத் துள்ள வைக்காதீர்கள், மூட்டுக்கு நல்லதல்ல.

அறிகுறி: கையில் ட்ரீட் தெரிந்தால்தான் செய்கிறது

நாய் புத்திசாலி, நாம்தான் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். முதலில் ட்ரீட்டைக் காட்டி, பிறகு சொல்லி, பிறகு செய்ய வைத்தால் நாய் கற்றுக்கொள்வது "ட்ரீட் தெரிந்தால் உட்கார வேண்டும்" என்பதை. ட்ரீட் காட்டுவது லஞ்சம், செய்த பிறகு வருவது பரிசு.

புதிதாக ஒன்றைச் சொல்லித்தரும்போது மூக்குக்கு முன்னால் ட்ரீட்டைப் பிடித்து இழுத்துக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் அது நான்கைந்து தடவைக்கு மேல் போகக் கூடாது. அடுத்த தடவை அதே கை அசைவு, கையில் ஒன்றும் இல்லாமல். நாய் உட்கார்ந்ததும் மறு கையிலிருந்தோ பின்னால் மேசை மேலிருக்கும் டப்பாவிலிருந்தோ எடுத்துக் கொடுங்கள். வீட்டில் நான்கு இடத்தில் மூடிய டப்பாக்களை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. எதிலிருந்து வரும், எப்போது வரும் என்று தெரியாததால் உங்கள் கையைச் சோதிப்பதை நாய் விட்டுவிடும்.

பழகிப்போன நாய்க்கு இதை மாற்றும்போது முதல் சில நாட்கள் குழப்பமாக இருக்கும். வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மறுபடி மறுபடி சொல்லாதீர்கள். ஒரு தடவை சொல்லிவிட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். செய்தால் ஒரு துண்டுக்குப் பதில் மூன்று துண்டு, ஒவ்வொன்றாக.

அறிகுறி: ட்ரீட்டைப் பார்த்ததும் வெறி பிடித்தது போல் ஆகிறது, விரலைக் கடிக்கிறது

தெருவில் பரிசு போதாமல் போனதற்கு இது நேர் எதிர். பரிசு தேவைக்கு மேல் பெரியதாகிவிட்டது. மூளை முழுக்க ஈரலில் இருக்கும்போது "இரு" என்பதை அது எப்படிக் கற்கும்? ஒரு படி இறங்குங்கள். அமைதி தேவைப்படும் பயிற்சிக்கு, அதாவது படுப்பது, காத்திருப்பது, நகம் வெட்ட விடுவது போன்றவற்றுக்கு, நடுத்தரப் பொருள்தான் ஏற்றது.

லேப்ரடாரில் இது அதிகம் தெரியும். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் சிறு பகுதி இல்லை என்று கண்டறிந்தார்கள். உதவி நாய்களாகப் பயிற்சி பெறும் லேப்ரடார்களில் இந்தக் குறை இன்னும் அதிகமாக இருந்தது. சாப்பாட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளும் அந்த இனத்தின் இயல்புக்கும் எளிதில் பருத்துப்போவதற்கும் ஒரே வேர் இருக்கலாம். லேப்ரடார் வைத்திருப்பவர்களுக்குப் பொரியும் கேரட்டுமே போதும், ஈரலை அவசர வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரலைக் கடிக்கும் நாய்க்கு விரல் நுனியில் நீட்டாமல் உள்ளங்கையை விரித்து அதில் வைத்துக் கொடுங்கள், அல்லது தரையில் வையுங்கள். பல் பட்டால் கை மூடிக்கொள்ளும், நாக்கு பட்டால் கை திறக்கும்.

அறிகுறி: கூப்பிட்டால் வருகிறது, ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிடுகிறது

பரிசு கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த நாயைக் கூப்பிடுகிறோம், வருகிறது, பிஸ்கட் கொடுக்கிறோம், சங்கிலி மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போகிறோம். குளிக்க வைக்கக் கூப்பிடுகிறோம், மருந்து ஊற்றக் கூப்பிடுகிறோம். அரை பிஸ்கட் கிடைத்தது, ஆனால் அன்றைய விளையாட்டே போய்விட்டது. கணக்கில் நாய்க்கு நஷ்டம். சிலது பாதித் தூரம் வந்து கழுத்தை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

திருத்தம்: பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை பரிசு கொடுத்துத் திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். வந்ததும் முதலில் கழுத்துப் பட்டையை ஒரு கையால் தொடுங்கள், தொட்ட பிறகுதான் ட்ரீட். சில வாரங்களில் பட்டையைத் தொடும் கையே நல்ல செய்தியாகிவிடும். ட்ரீட்டை உங்கள் காலோடு ஒட்டிப் பிடித்துக் கொடுங்கள், கையை நீட்டிக் கொடுத்தால் நாய் நிற்கும் தூரமும் அவ்வளவுதான்.

"வா" என்ற சொல்லுக்கு எப்போதும் முதல்படிப் பரிசு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேட் திறந்து கிடக்கிற ஒரு நாளில், லாரி வருகிற தெருவில், அந்த ஒரு சொல்தான் நாயின் உயிரைக் காப்பாற்றும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், எவ்வளவு கோபம் இருந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது. குளிப்பதற்கும் மருந்துக்கும் கூப்பிடாமல் நாமே எழுந்து போய்க் கூட்டி வருவோம்.

அறிகுறி: "குட் பாய்" என்று எவ்வளவு கொஞ்சினாலும் கண்டுகொள்வதில்லை

பாராட்டினாலே போதும், தீனி கொடுத்துக் கெடுக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. சில நாய்களுக்கு அது உண்மையாகவும் இருக்கும். 2016-ல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் விழித்திருக்கும் 15 நாய்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பெரும்பாலான நாய்களின் மூளை, உணவுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ எஜமானரின் பாராட்டுக்கு இசைந்தது. ஆனால் நாய்க்கு நாய் வேறுபாடு நிறைய இருந்தது. சிலவற்றுக்கு உணவே மேல். 2015-ல் எரிக்கா ஃபாயர்பாக்கரும் கிளைவ் வின்னும் வெளியிட்ட ஆய்வில், தடவிக் கொடுப்பதையும் வாய்ப்பாராட்டையும் வைத்துப் பார்த்தபோது நாய்கள் தடவிக் கொடுப்பவர் பக்கமே நின்றன. வெறும் வாய்ச்சொல்லுக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் அதன் பின்னால் ஏதாவது வர வேண்டும். "குட்" சொல்லி உடனே ட்ரீட், இப்படிப் பல நாள் போனால் அந்தச் சொல் தனியாகவும் கொஞ்சம் வேலை செய்யும். நாள் முழுக்கக் காரணமில்லாமல் "குட் பாய், குட் பாய்" என்று கொஞ்சிக்கொண்டே இருந்தால் அது மின்விசிறிச் சத்தம் மாதிரி காதில் விழாமல் போய்விடும்.

தடவிக் கொடுப்பதிலும் ஒரு சோதனை இருக்கிறது. மார்பையோ கழுத்தின் பக்கவாட்டையோ மூன்று நொடி சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். நாய் நெருங்கி வந்து கையைத் தேடினால் அதற்குப் பிடித்திருக்கிறது. உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால், உடம்பைச் சிலிர்த்து உதறினால், பிடிக்கவில்லை. உச்சந்தலையில் தட்டுவதைப் பல நாய்கள் பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். உட்கார்ந்ததற்குப் பரிசாகத் தலையில் தட்டினால் அடுத்த முறை உட்காரத் தயங்கலாம்.

அறிகுறி: பந்துக்கு உயிரைக் கொடுக்கும், ஆனால் பந்தைத் திருப்பித் தராது

ஒரே மாதிரி இரண்டு பந்து வாங்குங்கள். ஒன்று அதன் வாயில், இன்னொன்று உங்கள் கையில் துள்ளட்டும். வாயிலிருப்பதைப் போட்டதும் கையிலிருப்பது பறக்க வேண்டும். துரத்திப் போய்ப் பிடுங்கினால் பிடுங்குவதே விளையாட்டாகிவிடும். விளையாட்டுப் பொருளைப் பரிசாக வைத்திருப்பவர்கள் அதை எந்நேரமும் தரையில் கிடக்க விடக் கூடாது. பயிற்சிக்கு மட்டும் வெளியே வரட்டும்.

அறிகுறி: முதலில் துள்ளிக்கொண்டு செய்தது, இப்போது ஏனோ தானோ என்று செய்கிறது

பரிசைச் சத்தமில்லாமல் குறைத்திருக்கிறீர்களா? முதல் வாரம் கோழி, நாய் கற்றுக்கொண்டது என்று நினைத்து இரண்டாம் வாரம் பிஸ்கட்? 1942-ல் லியோ கிரெஸ்பி என்ற உளவியலாளர் எலிகளிடம் இதைப் பார்த்தார். அதிகத் தீனி கிடைத்துக்கொண்டிருந்த எலிக்குத் திடீரென்று குறைத்தால், ஆரம்பம் முதலே குறைவாக வாங்கிய எலியைவிடவும் மெதுவாக ஓடியது. இன்னும் முன்னால், 1928-ல் டிங்கிள்பா என்பவர் குரங்கின் கண் முன்னால் வாழைப்பழத்தை ஒளித்துவைத்து, அது பார்க்காதபோது கீரை இலையாக மாற்றினார். வழக்கமாகத் தின்னும் இலையையே குரங்கு தொடாமல் பழத்தைத் தேடியது. நாயும் எதிர்பார்க்கும், ஏமாந்தும் போகும்.

குறைப்பதற்கு முறை இருக்கிறது. பொருளின் தரத்தை இறக்காமல், கொடுக்கும் தடவையைக் குறையுங்கள். நன்றாகப் பழகிய செயலுக்கு இரண்டுக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று, வேகமாகவோ அழகாகவோ செய்த தடவையைத் தேர்ந்து கொடுங்கள். புதிதாகப் பழகும் செயலுக்கு ஒவ்வொரு தடவையும் கொடுத்தே ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

பரிசில் குறையில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். ஒரே பயிற்சி பதினைந்து நிமிடம் ஓடினால் எந்த நாயும் சலிக்கும். மூன்று நிமிடம், அப்புறம் ஓய்வு, மாலையில் இன்னொரு மூன்று நிமிடம். நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

அறிகுறி: சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைக் கற்றுக்கொள்கிறது

உட்காரச் சொல்கிறோம், உட்காருகிறது. பையைத் திறந்து, துண்டைத் தேடி, நீட்டுவதற்குள் எழுந்து குரைக்கிறது, அப்போது ட்ரீட் வாய்க்குப் போகிறது. நாய் கற்றுக்கொண்டது குரைப்பதை. செயலுக்கும் பரிசுக்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் போனால் எதற்காக என்பது நாய்க்குக் குழம்பிவிடும்.

இதற்குத்தான் கிளிக்கர், அழுத்தினால் "கிளிக்" என்று ஒலிக்கும் சின்னப் பொருள். 1940-களிலேயே உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரிலாண்ட் தம்பதியர் விலங்குப் பயிற்சியில் பயன்படுத்திய கருவி. அதை வாங்கவில்லை என்றாலும் "எஸ்" என்ற ஒரு குட்டிச் சொல்லே போதும். முதலில் எதுவும் செய்யச் சொல்லாமல் "எஸ்", உடனே ஒரு துண்டு, இப்படி இருபது தடவை. அப்புறம் பயிற்சியில் பின்பக்கம் தரையைத் தொட்ட கணத்தில் "எஸ்". துண்டு இரண்டு நொடி கழித்து வந்தாலும் பரவாயில்லை, எதற்கு என்பதைச் சொல் சொல்லிவிட்டது. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும், சாதாரணப் பேச்சில் அடிக்கடி வராத சொல்லாகவும் இருக்க வேண்டும்.

அறிகுறி: பயிற்சி நன்றாகப் போகிறது, ஆனால் எடை கூடுகிறது, வயிறு கெடுகிறது

ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட்டாகப் போகக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பத்துக் கிலோ எடையுள்ள, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. ட்ரீட்டுக்கு 60. தோலில்லாத அவித்த கோழி நெஞ்சுக் கறியில் 35 கிராம் என்றால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். குறைவாகத் தோன்றுகிறதா? கொண்டைக்கடலையில் பாதி அளவுக்கு நறுக்கினால் எழுபது துண்டு வரை வரும். மேரி பிஸ்கட் என்றால் இரண்டரையில் தீர்ந்துபோகும். பயிற்சிக்குச் சின்னத் துண்டே போதும். கோழி கொடுத்த நாளில் அந்த அளவைச் சாப்பாட்டிலிருந்து கழித்துவிடுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், தினமும் வேண்டாம்.

புதிய பொருளை ஒரு நேரத்தில் ஒன்றாக அறிமுகப்படுத்துங்கள். கழிச்சலோ, தொடர்ந்து காதையும் பாதத்தையும் சொறிவதோ வந்தால் எது காரணம் என்று அப்போதுதான் தெரியும். மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவைதான் நாய்களுக்கு அதிகம் ஒவ்வாமை தருபவை. கோழி எல்லா நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கொடுக்கவே கூடாதவை: திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த சூயிங்கமும் பீனட் பட்டரும். கேசரியிலும் பாயசத்திலும் உலர் திராட்சை இருக்கும், பிரியாணிக் கறியில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். விருந்தினர் வரும் நாளில் இதைச் சொல்லி வையுங்கள்.

அறிகுறி: தெருவிலிருந்து எடுத்து வந்த நாய், எதைக் கொடுத்தாலும் மூலையை விட்டு வருவதில்லை

இந்த நாய்க்கு இப்போது உணவு பரிசாகாது. பயந்த உயிருக்கு முதலில் வேண்டியது இடைவெளி. நீங்கள் விலகிப் போவதே அதற்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு, அதையே பயன்படுத்துங்கள்.

அது பதறாமல் இருக்கும் தூரத்தில் பக்கவாட்டாக உட்காருங்கள், கண்ணை நேராகப் பார்க்க வேண்டாம். அது உங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாலோ காதைத் தளர்த்தினாலோ எழுந்து நாலடி விலகிப் போய்விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. நாயின் பின்பக்கமாக, மூலைக்குள்ளேயே விழும்படி ஒரு கோழித் துண்டை எறியுங்கள். உங்களை நோக்கி வந்தால்தான் சாப்பாடு என்று வைத்தால், பசிக்காக வந்து, வந்த இடத்தில் பயந்து கடிக்கவும் கூடும். துண்டுக்காக அது பின்னால் போகட்டும், திரும்பி உங்களைப் பார்க்கட்டும், அடுத்ததும் பின்னாலேயே விழட்டும். வர வேண்டும் என்று தோன்றும்போது அதுவே வரும்.

தீபாவளி வெடிச் சத்தத்தின்போதும் இதேதான். அந்த நாட்களில் எதையும் சொல்லிக்கொடுக்க முயலாமல், ஜன்னலை மூடி, கட்டிலுக்கடியில் அதன் போர்வையைப் போட்டுவிடுங்கள். சாப்பிட்டால் கொடுங்கள், சாப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள். சத்தம் அடங்கி, பழையபடி சாப்பிடத் தொடங்கிய பிறகு, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த எளிய செயல் ஒன்றிலிருந்து பயிற்சியைத் திரும்பத் தொடங்கலாம்.